தோளில் வைத்த மெஷின்

வலது தோள் ஒரு வருடத்துக்கு மேலாக வலி. இட்லிக் கொப்பரையைத் தூக்கித் தூக்கி வந்த வலி என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. குளிக்கும்போது கையில் பட்டது. தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. அதில் யாரிடம் சொல்ல?

மகன் செம்பூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக் கூட்டிப்போனான். அல்ட்ராசவுண்ட் வைப்பார்கள் என்றான். மருமகள் வயிற்றில் வைத்து, பிள்ளையை டிவியில் காட்டிய மெஷின் அல்லவா? கட்டியும் தெரிந்துவிட்டால்?

"எம்மா, இது வேற. வலிக்குச் சூடு குடுக்குத மெஷின். இந்த வயசுல ஒனக்குப் புள்ளையா பாக்கப் போறாவ?" என்று சிரித்தான்.

எனக்கு மூச்சு வந்தது.

உள்ளே ஒரு மராத்திக்காரப் பெண் இந்தியில் கேட்டாள். இதயத்துக்காக நெஞ்சில் மெஷின் வைத்திருக்கிறதா, எங்காவது கட்டி உண்டா? கட்டி மேல் இதை வைக்கவே கூடாது, கெட்ட கட்டியாக இருந்தால் பெருத்துவிடலாம் என்றாள். இந்தி எனக்குப் புரியும். ஆனால் வெளியாளிடம் எனக்காக வீட்டு ஆண்பிள்ளைதான் பேசுவது வழக்கம். முன்பு என் புருஷன், இப்போது மகன்.

"நஹி, நஹி, குச் நஹி", ஒன்றுமில்லை என்றான். நானும் தலையாட்டிவிட்டேன்.

அவனை வெளியே அனுப்பித் திரையை இழுத்தாள். குளிர்ந்த ஜெல்லைத் தடவி, மெஷினின் தலையை வட்டமாகத் தேய்த்தாள். தோளுக்கு இதமாக இருந்தது. வட்டம் மெல்ல மெல்ல அக்குள் பக்கம் இறங்கியது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இதர் நஹி, பேட்டி." இங்கே வேண்டாம் மகளே என்றேன்.

"க்யா ஹுவா, ஆயி?" என்ன ஆச்சு அம்மா என்றாள்.

அவள் விரலை எடுத்துக் கட்டியின் மேல் வைத்தேன். அவள் மெஷினை அணைத்தாள். ஜெல்லைத் துடைத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னாள். மகனிடம் தானே சொல்லட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

வெளியே மகன் பெஞ்சிலிருந்து எழுந்தான். "அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

"ஏய்யா, உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள். ரிப்போர்ட் வியாழக்கிழமை வரும். தோள் இன்னும் வலிக்கிறது. அதைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை.