காலையில் போற தண்ணி

எண்பதுகளின் தொடக்கத்தில் அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை பார்த்தேன். வாரம் ஒருமுறை எங்கள் ஜீப் ஒடுகத்தூர் வழியாக ஜவ்வாது மலை ஏறும். டாக்டரம்மா முன்சீட்டில். நான் பின்னால், மைக்ராஸ்கோப்பைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டிக்கொண்டே போவேன்.

மலையில் சாமை விதைக்கிற ஒரு குடும்பத்துப் பெண்ணுக்குக் காசநோய். அங்கிருந்த நர்ஸ் தினமும் ஊசி போட்டு வந்தார். இருமல் அடங்கி, சோறு இறங்கத் தொடங்கிய நேரத்தில் முகம் வீங்கிவிட்டது. ஊசி மருந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறதோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். தாக்கியிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். வீணாக நிறுத்தினால் இருமல் திரும்பிவிடலாம். சிறுநீரகத்துச் செல்கள் சிறுநீரில் உதிர்ந்து வருகின்றனவா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அடுத்த வாரம், காலைல மொதல்ல போற தண்ணிய பாட்டில்ல புடிச்சி எடுத்துக்னு வாங்க" என்று டாக்டரம்மா அவள் கணவரிடம் நாசூக்காகச் சொன்னார்.

அடுத்த வாரம் அவர் பாட்டிலோடு காத்திருந்தார். கையால் சுற்றும் மெஷினில் சுற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடித் துண்டில் எடுத்து, ஒரு சொட்டுச் சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பை வெயிலுக்கு வாகாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு செல்கூட இல்லை.

"ஒண்ணும் இல்லியா? அப்ப ஊசியே போடலாம்" என்றார் டாக்டரம்மா மகிழ்ச்சியாக.

"இருங்கம்மா" என்றேன். செல் இல்லை, சரி. பச்சைப் பச்சையாக இழைகள் எப்படி வந்தன? நடுவில் ஒரு பூச்சி வேறு நீந்திக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது?" என்று கணவரைக் கேட்டேன்.

"ஓடத் தண்ணிங்க. காலைல மொதல்ல போற தண்ணின்னு சொன்னாங்களே? மாடு எறங்கறதுக்கு முன்னாடியே போய்ப் புடிச்சிக்னு வந்தேன்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. அந்த மலையில் காலையில் போகிற தண்ணி ஓடையில்தான் போகிறது. நர்ஸ் அவர் மனைவியின் காதில் விஷயத்தைப் போட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தபடி வேறு பாட்டிலோடு பின்பக்கம் போனாள்.

அந்தப் பாட்டிலில் சிரிக்க ஒன்றுமில்லை. வீங்கிய செல்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊசியை அன்றே நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார். இறங்கும்போது நான் டிரைவரைத் திட்டவில்லை. அந்தப் பச்சை இழை கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வாராவாரம் பார்த்தேன். செல்கள் குறைந்தன. முகம் வடிந்தது. இருமலும் திரும்பவில்லை. புளி உலுக்கும் சமயத்தில் ஒருநாள் கண்ணாடித் துண்டு வெறுமையாக இருந்தது. ஓரம் ஓரமாகத் தேடியும் ஒன்றுமில்லை.

"சுத்தமா இருக்குதும்மா. பாசிகூட இல்ல" என்றேன்.

அந்தப் பெண் தன் கணவர் பக்கம் திரும்பினாள்.

"இந்தாய்யா, கேட்டியா? நீ புடிச்சாந்த ஓடத் தண்ணியவிட என் தண்ணி சுத்தமாம்!"