வீட்டு எண்ணோடு கட்டிய கதவுகள்

பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கே சாவிக்கொத்தை ஒழித்துவிட்டு, கார்டு காட்டினால் திறக்கும் கதவுகள் வைக்கும் வேலை முதன்முதலாக என்னிடம் தனியாக வந்தது. அதுவரை தானா ராத்தாவில் உள்ள எங்கள் சிறிய கம்பெனியில் நான் சுவரில் துளை போட்டு வயர் இழுப்பவன்.

"இந்த வாட்டி டேட்டாபேஸும் நீயே போடு. வெள்ளிக்கிழம தோட்டத்து மேனேஜர் தொர கையெழுத்துப் போட்டா இனிமே உனக்கு இதான் வேலை. போடலன்னா பழையபடி டிரில்லத் தூக்கு," என்றார் முதலாளி.

எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளோமா முடித்த பிறகும் தலையெல்லாம் சிமெண்ட் தூளோடு வீடு திரும்பும் என்னை அப்பா ஒன்றும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது.

யார், எந்தக் கதவு, எந்த நேரம் என்பதை எந்த அட்டவணையில் எப்படிப் பிரித்து வைப்பது என்பது என் பொறுப்பு. ஒவ்வொருவரையும் இன்னார் என்று காட்ட ஓர் எண் வேண்டும். அதில் நான் யோசிக்கவே இல்லை. நான் வளர்ந்த தோட்டத்தைப் போலவே இங்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கணக்கரான கிராணி ஆட்களை வீட்டு எண்ணால்தான் கூப்பிடுவார். ஒரே பெயரில் நாலு பேர் நிற்கும் இடத்தில் "மூணாம் லயம் ஏழு" என்று வீட்டு வரிசையையும் எண்ணையும் சொன்னால் குழப்பமில்லை. தொழிற்சாலைக்கு வீட்டுக்கு ஒருவர்தான் வருவார் என்பதால் அந்த எண்ணையே ஆளின் அடையாளமாக வைத்து, கதவு அனுமதிகளையும் அதனோடு கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை, யாருக்கு எந்தக் கதவு என்று கிராணி சொல்லச் சொல்லப் பதிந்துகொண்டேன். திங்கள் காலை, "ரெண்டு பேரு மாறியிருக்கு" என்று புதிய பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தந்தார். அதையும் ஏற்றி, கார்டுகளை அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய் காலை முதல் சோதனை. பாய்லர் அறைக் கதவில் பாய்லர் மாமா கார்டை வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"என்னா தம்பி, இருவத்திரெண்டு வருசமா நெருப்பு போடுறேன். உன் டப்பாவுக்கு என்னத் தெரியலயா?"

மாடியில் வாட்டுவதற்குப் பரப்பிய கொழுந்து சூடான காற்றுக்காகக் காத்துக்கிடந்தது. சலிக்கும் அறையைக் கூட்டும் அக்கா, "தள்ளுங்கண்ணே" என்று தன் கார்டை நீட்டினார். கதவு பச்சை காட்டித் திறந்துகொண்டது.

"பாத்தீங்களா? இன்னிலேருந்து நாந்தான் பாய்லர்காரி. நீங்க போயி தொடப்பத்த எடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: அக்காவுக்கு முட்டி வலி. அவர் வீட்டுக்குப் பதினாறு படி ஏற வேண்டும். மாமா வீடு ரோட்டோரம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சட்டி பானையோடு வீடு மாறிக்கொண்டன. என் அட்டவணையில் பெயர்கள் புது வீட்டுக்குப் போய்விட்டன. கதவுகள் மட்டும் பழைய வீட்டு எண்ணிலேயே நின்றுவிட்டன.

கிராணி என் தோளைத் தட்டினார். "ரெண்டு பேரும் கார்ட மாத்திக்கிட்டா முடிஞ்சிச்சு லா. தொரகிட்ட ஏன் சொல்லிக்கிட்டு?"

ஒரு நிமிடம் எனக்கும் அதுவே தோன்றியது. ஆனால் அப்படி விட்டால், தினமும் காலையில் பாய்லரைப் பற்றவைத்தவர் அக்கா என்றுதான் பதிவாகும். ஏதாவது விபத்து நடந்தால் கேள்வி அவரிடம் போகும்.

"இங்க வீடு மாறுறது அடிக்கடி நடக்குமா ஐயா?"

"மக கல்யாணமானா மாறுவாங்க, கூர ஒழுகுனா மாறுவாங்க, பக்கத்து வீட்டோட சண்டன்னாலும் மாறுவாங்க."

நான் துரையின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "தப்பு யாரோடது?"

"என்னோடது சார். அடியிலேருந்து மாத்தணும்."

"வெள்ளிக்கிழம அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நாளு கெடையாது." கிராணியை அழைத்து, அதுவரை பழைய சாவிகளையே கொடுக்கச் சொன்னார்.

கிராணி அறையின் மூலையில் ஒரு மேசை கிடைத்தது. செய்ததை ஒட்டுப்போடாமல் முழுதாகக் கலைத்தேன். ஆளுக்கு அர்த்தமே இல்லாத ஓர் எண்: முதலில் பதிந்தவர் ஒன்று, அடுத்தவர் இரண்டு. வீடு மாறினாலும் அது மாறாது. வீடுகளுக்குத் தனி அட்டவணை, யார் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்ற குறிப்போடு. கதவுகளை ஆளோடுகூடக் கட்டவில்லை, வேலையோடு கட்டினேன். பாய்லர் வேலைக்குப் பாய்லர் கதவு. அந்த வேலை யாரிடம், எப்போதிலிருந்து எப்போதுவரை என்பது இன்னோர் அட்டவணை. எதையும் அழிக்கக் கூடாது, முடியும் நேரத்தை மட்டும் எழுத வேண்டும். பிறகு மூன்றாம் லயம் முழுவதையும் பொய்யாக இடம் மாற்றிப் பார்த்தேன். ஒரு கதவும் தடுமாறவில்லை. வியாழக்கிழமை மதியச் சோற்றை நான்கு மணிக்குத்தான் பிரித்தேன்.

வெள்ளிக்கிழமை துரையே வந்து நின்றார். மாமா, அக்கா இருவரின் வீடுகளையும் கணினியில் மறுபடி மாற்றிப் போடும்படி கிராணியிடம் சொன்னார். பாய்லர் மாமாவின் கார்டுக்குப் பச்சை. அடுத்து அக்கா வேண்டுமென்றே தன் கார்டை அதே கதவில் வைத்தார். சிவப்பு.

"ஒரு நாளு பதவி! அதயும் புடுங்கிட்டியே தம்பி," என்றார் அக்கா.

துரை சிரிக்காமல் தாளை வாங்கிக் கையெழுத்திட்டார். முதலாளிக்கு போன் செய்தேன். "திங்கக்கிழம கோலா தெர்லாவுல ஒரு காய்கறிக் கெடங்கு. டேட்டாபேஸ் டேபிளெல்லாம் நீயே யோசிச்சு வை," என்றார்.

பையை எடுத்துக்கொண்டு வாசல் கதவில் என் கார்டை வைத்தேன். சிவப்பு. மணி ஐந்து பத்து. வெளியாள் என்று என்னைப் பதிந்து, முடியும் நேரம் ஐந்து மணி என்று எழுதியவனே நான்தான்.

"நீ போட்ட கதவுதானே, உள்ள போயி மாத்திட்டு வாயேன்," என்றார் காவலாளி.

"வேணாம்ணே. வந்து போறவங்க எழுதுற நோட்டுப் புத்தகத்தக் குடுங்க."

நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் சாவியால் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.