சௌந்தர்யாவின் காதில் ஒரு குரல்

சங்ககிரி லாரி டிரைவர் ஆனந்தகுமாருக்குக் கொஞ்ச நாளாகவே மனைவி சௌந்தர்யாவின் மேல் சந்தேகம். அவன் லோடு இறக்கிவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் அவள் காதில் இயர்போன் இருந்தது. அவனைக் கண்டதும் அவசரமாகக் கழற்றினாள். ஒருமுறை ஓர் ஆணின் சிரிப்பு அதிலிருந்து கசிந்தது. யாரென்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது இயர்போனைப் பறித்துத் தன் காதில் வைத்தான். ரேஸ் கார் ஓட்டும் ஒருவரின் பேட்டி. கார் உருண்ட பிறகு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை நடுங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத எதுக்கு புள்ள ஒளிச்சு ஒளிச்சுக் கேக்கறே?" அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"நீங்க சிரிப்பீங்கன்னுதானுங்க. இந்த மாதிரி பேட்டி நெறையக் கேக்கறேன். வண்டி ஓட்டறவங்களுக்கு என்னென்ன பயம் இருக்கும்னு தெரிஞ்சுக்கத்தான். நீங்க ஊட்டுக்கு வந்தா வாயே தொறக்கறதில்லீங்களே."

ஆனந்தகுமார் இயர்போனைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். தொப்பூர் மலை இறக்கத்தில் லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போனதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"தீபாவளிக்கு முந்துன டிரிப்புல..." என்று ஆரம்பித்தான். அவள் ஈரக் கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.