செபஸ்டின் தூக்காத கை

வரதராஜன்பேட்டை செபஸ்டினோடு கூடைப்பந்து ஆடி அடிபடாமல் வீடு திரும்பியவர்கள் குறைவு. ஆறடி மூன்றங்குலம் உயரம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டி முறுக்கேறிய தோள். வேல்முருகனின் முன்பல் இரண்டும் அவன் முழங்கையில்தான் போயின. என் தம்பி லியோ பிரபுவின் மூக்கு இன்றைக்கும் கோணலாக இருப்பதற்கு அதே முழங்கைதான் காரணம். தம்பி மூக்கை உடைத்தவனைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதுகிறாயே என்று எங்கள் வீட்டிலேயே கேட்கிறார்கள். அடித்த மறுநொடி அவன் கையைத் தூக்கிவிடுவான், அதுதான் காரணம்.

எங்கள் ஊர் மாதா கோயில் மைதானத்தில் நடுவர் வைத்து ஆடிய வழக்கமே இல்லை. அடித்தவன் தானே கை தூக்க வேண்டும், பந்தை எதிராளியிடம் கொடுக்க வேண்டும். பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை போகிறவன்கூட மைதானத்தில் உடனுக்குடன் ஒப்புக்கொள்வான். ஒருமுறை கை தூக்காமல் மழுப்பியவனை மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து புரட்டி எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். உதடு கிழிந்து போனவன் மறுநாள் ஒழுங்காகக் கை தூக்கினான்.

நான் அனிதா மேரி. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் வட்டாரத்து லீக் ஆட்டங்களில் மேசையில் உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பதும் நான்தான். லீக் தொடங்கிய வருஷம் பார்வையாளர்கள் அறுபது பேர் வந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் ஆடுகிறவர்களின் சொந்தக்காரர்கள். செபஸ்டின் கை தூக்குவான், நடுவர் விசில் ஊதுவார், விழுந்தவனை அவனே தூக்கிவிடுவான்.

மூன்றாம் வருஷம் கனடாவில் இருக்கிற ஒரு வீடியோ ஆப் கம்பெனி எங்கள் லீக்கை வாங்கியது. அங்கே இரவு ஒன்பது மணிக்கு ஓட வேண்டும் என்பதால் இங்கே காலை ஆறரைக்கு ஆட்டம். மரத்தரை வந்தது, நாலு கேமரா வந்தது, சென்னையிலிருந்து பிரேம்குமார் என்கிற மேலாளர் வந்தார். வேல்முருகனின் பல் தெறித்ததை மெதுவாக ஓட்டி, பின்னால் பறைச்சத்தம் சேர்த்து, ஆப்பில் போட்டார்கள். லட்சக்கணக்கில் பார்த்தார்களாம். அடுத்த வாரமே செபஸ்டினை அரியலூர் அணிக்குக் கேப்டன் ஆக்கினார்கள். அவன் டம்பர் வேலையை விட்டுவிட்டான்.

ஒருநாள் பயிற்சி முடிந்ததும் பிரேம்குமார் அவனை மேசைக்குக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"செபஸ்டின், நடுவரே பாக்காத ஃபவுலுக்கு நீங்க ஏன் கை தூக்கறீங்க?"

"பழக்கம் சார். அடிச்சா கை தானா போயிடுது."

"விசில் ஊதி ஆட்டம் நிக்கும்போதெல்லாம் அங்க பாக்கறவன் ஆப்ப மூடிட்டுப் போறான். இடிங்க, யாரும் வேணாம்னு சொல்லல. கை மட்டும் கீழயே இருக்கட்டும். இல்லன்னா அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கறோம்."

என் பக்கமும் திரும்பினார். "மேடம், கால்பகுதி முடிஞ்சா மட்டும் ஹாரன் அடிச்சா போதும்."

அவர் போனபின் செபஸ்டின் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "மறுபடி அந்தச் சுரங்கப் புழுதிக்குள்ள போவ முடியாதுக்கா" என்றான். அந்த வாரம் முழுக்கக் கையை அடக்கப் பழகினான். மூன்றாம் நாள் பயிற்சியிலிருந்து என் தம்பி புருவம் பிளந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வந்தான். "இன்னைக்கு அவன் கைய தூக்கலக்கா" என்றான். புருவத்தைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

பெரம்பலூர் அணியோடு அரையிறுதி. கடைசி இரண்டு நிமிடம். பெரம்பலூர்க்காரன் அறிவரசன், இருபத்துநாலு வயது, ஒல்லி, வேகமானவன், வளையத்துக்கு எகிறினான். செபஸ்டினின் முழங்கை அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. அந்தச் சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. அறிவரசன் தலைகுப்புற வளையத்துக்கு அடியில் விழுந்து அசையாமல் கிடந்தான். நடுவர்கள் இருவரின் பார்வையையும் ஆட்கள் மறைத்தார்கள். பந்து செபஸ்டின் கையில். அவன் வலது கை தோள்வரை எழும்பியதை நான் பார்த்தேன். பிறகு அதே கையால் பந்தை வீசிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினான்.

எல்லோரும் ஓடினார்கள். கேமராவும் பந்தோடு போனது. என் விரல் ஹாரன் பொத்தான்மேல் இருந்தது. ஆபத்து என்றால் அமுக்கலாம், விதியே இருக்கிறது. நான் பிரேம்குமார் முகத்தைப் பார்த்தேன், அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அமுக்கவில்லை. இதை எழுதும்போதும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

எங்கள் ஆள் வளையத்தில் போடத் தவறினான். பந்தைப் பிடித்த பெரம்பலூர்க்காரர்கள் திரும்பிப் பறந்து வந்தார்கள். அவர்களில் உயரமானவன் தமிழழகன், மேலே மட்டும் பார்த்துக்கொண்டு எகிறினான். இறங்கும்போது அவன் முழங்கால், கீழே கிடந்த அறிவரசனின் பிடரியில் மொத்த எடையோடு இறங்கியது. அப்போதுதான் விசில் ஊதினார்கள். என் கடிகாரத்தில் பத்தொன்பது நொடி ஓடியிருந்தது.

திருச்சி ஆஸ்பத்திரியில் கழுத்தெலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனிமேல் வரவும் வராது. லீக் வெளியிட்ட அறிக்கையில் 'வழுக்கி விழுந்தவர்மீது சக வீரர் தவறுதலாக இறங்கினார்' என்று இருந்தது. முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வளையத்துக்குக் கீழே இருந்த கேமராப் பதிவு கனடாவுக்குப் போய்விட்டதாம், கிடைக்காதாம்.

போன மாதம்தான் தமிழழகனுக்கும் அறிவரசனுக்கும் ஏதோ வாய்த்தகராறு. அது போதாதா? வேண்டுமென்றே மிதித்தான் என்று பேச்சு கிளம்பியது. அறிவரசனின் அண்ணன் மணிவேல் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தமிழழகனை மடக்கினார். கிரிக்கெட் ஸ்டம்பால் அவன் முழங்கால் சில்லை உடைத்தார்கள். "இவன் இனிமே எகிறவே கூடாது" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்களாம்.

மறுநாள் மத்தியானம் செபஸ்டின் என் பள்ளி வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது. "தமிழழகன் கால ஒடச்சுட்டாங்களாம். அவன் என்னக்கா பண்ணான்? நான் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போறேன், அறிவரசன் வீட்டுக்காரங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அப்பறம் ஸ்டேசன்லயும் எழுதிக் குடுத்துடுறேன்."

"நானும் வரேன்" என்றேன்.

பஸ்ஸில் போகும்போது செபஸ்டினுக்குப் பிரேம்குமாரின் போன் வந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் எந்த மைதானத்திலும் கால் வைக்க முடியாது என்று கத்தியது எனக்கும் கேட்டது. செபஸ்டின் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான்.

வார்டுக்கு வெளியே மணிவேலும் அறிவரசனின் மனைவி கீதாஞ்சலியும் இருந்தார்கள். கல்யாணமாகி எட்டு மாதம்தான். செபஸ்டின் நேராகப் போய் நின்றான். "தமிழழகன் மேல தப்பில்லீங்க. பொட்டுல அடிச்சு விழ வச்சது நான். அடிச்சா கை தூக்குறது எங்க ஊர் வழக்கம். அன்னைக்கு நான் தூக்கல."

"நானும் பார்த்தேன். ஹாரன் அடிச்சு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல" என்றேன். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணிவேல் செபஸ்டினின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். முகத்தில் இரண்டு குத்து. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. ஒரே தள்ளில் மணிவேலை வராந்தாக் கோடிக்கு அனுப்பக்கூடிய உடம்பு அது. கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டே நின்றான்.

"இருங்க மாமா" என்று கீதாஞ்சலி குறுக்கே வந்தாள். அவளுக்கு இரக்கம் வந்துவிட்டதென்றே நான் நினைத்தேன். அவள் செபஸ்டின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க கைய தூக்கியிருந்தா ஆட்டத்த நிறுத்தியிருப்பாங்களா?"

"நிறுத்தியிருப்பாங்க."

"நிறுத்தியிருந்தா, அவரு எந்திரிச்சு நடந்திருப்பாரா?"

அவன் வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கினான். "நடந்திருப்பாரும்மா."

கீதாஞ்சலி தலையை ஆட்டினாள். விலகி நின்று மணிவேலுக்கு வழி விட்டாள்.

"இப்ப அடிங்க மாமா."

மணிவேல் அடித்தார். செபஸ்டின் தரையில் விழுகிறவரைக்கும், விழுந்தபின்பும் அடித்தார். வராந்தாவில் இருபது பேர் இருந்தோம், யாரும் தடுக்கவில்லை.