கடலோரத்து ஒயினின் நிறம்

ஒயின் என்றால் அது கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும் என்று ஐம்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். குடித்துப் பார்த்ததில்லை. எங்கள் சர்ச்சில் திருவிருந்தன்று தருகிற திராட்சை ரசத்தை நாக்கு நுனியில் வாங்கியதோடு சரி. அந்த ஒரு சொட்டை வைத்துக்கொண்டு உலகத்து ஒயினுக்கெல்லாம் நிறம் சொல்கிற தைரியம் எனக்கு இருந்தது.

ஆரணியில் தறி வைத்துப் பட்டுப்புடவை நெய்து கொடுப்பது என் தொழில். நண்பரின் மகள் ஸ்பெயினில் வேலை பார்க்கிறாள். அங்கே வடமேற்குக் கடற்கரையில் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்கிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகவும், அந்த வீட்டு ஒயினின் நிறத்திலேயே கல்யாணப் புடவை வேண்டும் என்றும் போன் செய்தாள். படம் அனுப்பட்டுமா என்றாள். எங்கள் ஊரில் நிறம் கேட்கிறவர்கள் ஒரு துண்டுத் துணியாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

"எனக்கே சாம்பிளா? நீ போய் கல்யாண வேலயப் பாரும்மா" என்றேன்.

தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் சாயத்தில் முங்கி எழுந்து, கருஞ்சிவப்பாகத் தறியில் ஏறியது. ஒரு முழம் நெய்த பிறகு ஒரு சாயங்காலம் அவள் வீடியோவில் வந்தாள், அந்த வீட்டுத் திராட்சைத் தோட்டத்தைக் காட்ட.

கருங்கல் தூண் நட்டு, தலைக்கு மேலே பந்தல் போட்டுக் கொடியை ஏற்றியிருந்தார்கள். நம்மூர்ப் புடலங்காய்ப் பந்தலேதான். எதற்கு இத்தனை உயரம் என்று கேட்டேன். கடல் காற்றும் மழையும் ஓயாத ஊராம். தாழக் கட்டினால் பழம் அழுகுமாம், உயர்த்தினால் அடியில் காற்று ஓடுமாம். ஆம்பிளைகள் மீன் பிடிக்கவும் கப்பலேறி அமெரிக்கா போகவும் கிளம்பிவிட, கொடியைக் காப்பாற்றியது பெண்கள்தானாம். அண்ணன் தம்பி பாகம் பிரித்துப் பிரித்து நிலம் துண்டு துண்டாகிவிட்டதாம். அதைக் கேட்டதும் அது எங்கள் பக்கத்துப் படவேட்டுக்கு அடுத்த ஊர்தானோ என்று தோன்றியது. முதலில் கொடி கொண்டுவந்தது யார் என்றேன். மடத்துத் துறவிகள் என்று ஒரு கட்சி. இல்லை, அந்தக் காட்டிலேயே கிடந்தது என்று இன்னொரு கட்சி. எனக்கு ஒரே சுவாரசியம், கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பேச்சின் நடுவே கண்ணாடிக் குவளையில் எதையோ ஊற்றினாள். எலுமிச்சைத் தோலை ஊறவைத்த தண்ணீர் மாதிரி, வெளிறிய மஞ்சளில் லேசாகப் பச்சை.

"ஒயின எப்பம்மா காட்டுவ?"

"இதான் மாமா ஒயின். இந்தப் பக்கம் வெள்ளை ஒயின்தான் பேர் போனது."

டவர் இல்லை என்று சொல்லி போனை வைத்தேன். எதிர் மாடியிலேயே டவர் நின்றது. ஆரணியில் வெள்ளம் என்று சொல்லிவிடலாமா, பக்கத்துக் களம்பூருக்குப் போய் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். தறிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவை நிறுத்தவே இல்லை.

"இந்தச் சாயத்த இனிமே வெளுக்க முடியாதுண்ணே. உங்க மூஞ்சிதான் நல்லா வெளுத்துகினு கீது. அந்தக் கலர்லயே போட்டுடலாம்."

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நம்ம பாஷ எனக்கு வரப்போற மாமியாருக்குப் புரியாது மாமா. அவங்க தோட்டத்துக் கலர கட்டிகினு வந்து நின்னா புரியும்னு நெனச்சேன். அடுத்த வாரம் அப்பா இங்க கிளம்புறாரு. அதுக்குள்ள முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

முடியும் என்றேன். குரல்தான் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

காலியாகக் கிடந்த இன்னொரு தறிக்குப் புதுப் பாவு தயார் செய்தோம். பசை நீக்கிய பட்டு பார்வைக்கே கிட்டத்தட்ட அந்த ஒயின்தான். மஞ்சள் சாயமும் பச்சையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாலே போதுமாக இருந்தது. இரண்டு தறிக்காரர்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்து நெய்தார்கள். நண்பர் புடவையைக் கைப்பையில் வைத்து எடுத்துப் போனார். கல்யாணத்தன்று அவள் அதைத்தான் கட்டினாள். மாமியார் முந்தானையைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாராம். கருஞ்சிவப்புப் பாவில் மிச்சத்தையும் நெய்து இறக்கிய புடவைகளைச் செய்யாறு டவுனில் ஒரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.