கிருபாபாய் போட்ட புள்ளிப் படங்கள்

"இதென்னம்மா, மிளகைச் சிந்துன மாதிரி இருக்கு?" என்று தனுஷ்கோடி சார் கேட்டார். அவர் எங்கள் நூற்பாலையின் மேலாளர்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாள் சார். அன்னைக்கு லீவு போட்டவிய இடத்துக்கு எம்புட்டு பதிலி ஆள் வந்தாவளோ, அம்புட்டு வலப்பக்கம் தள்ளி நிக்கும். நூல் எம்புட்டு அறுந்துச்சோ, அம்புட்டு மேல நிக்கும்" என்றாள் கிருபாபாய்.

"முக்காவாசிப் புள்ளி மலை ஏறுத மாதிரி போகுதே."

"ஆமா சார். ரெண்டும் சேந்தே கூடுது."

"அப்ப நான் சொன்னது சரிதான். பதிலிக்காரவிய கைதான் நூலை அறுக்குது."

"படம் அப்படித்தான் காட்டுது சார்."

"பெருசா ஒண்ணு அடிச்சுக் கொடு. ஸ்பின்னிங் வாசல்ல ஒட்டுவோம். அடுத்த மாசத்துலேருந்து பதிலியே வேண்டாம்னு முதலாளிட்டச் சொல்லப் போறேன்."

பிரிண்டர் கரகரவென்று அடிக்கத் தொடங்கியது. இது 1995இல் ராஜபாளையத்தில் நடந்தது. பக்கத்து மேசையில் நான் ஆங்கிலக் கடிதங்களும் தமிழ் அறிவிப்புகளும் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

கிருபாபாய் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். ராணுவத்திலிருந்து வந்த அவள் அப்பா, பென்ஷனில் மிச்சம் பிடித்து அவளை மதுரையில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். எதைக் கண்டாலும் எதோடாவது சேர்த்துப் படம் போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். தனுஷ்கோடி சாரின் கோபத்தையும் மின்வெட்டையும் ஒருமுறை அப்படிச் சேர்த்து, எனக்கு மட்டும் காட்டினாள்.

பதிலிகளால்தான் நூல் அறுகிறது என்று சொல்லிப் படம் ஒட்டிய மறுநாள், வேலுத்தாய் எங்கள் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். வ. புதுப்பட்டிக்காரி. நிரந்தரத் தொழிலாளர் யாராவது லீவு போட்டால் அவர் இடத்தில் நிற்கும் பதிலி. என்றாவது தன்னையும் நிரந்தரமாக்குவார்கள் என்று இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் படத்துல நான் எந்தப் புள்ளி?"

"அதுல ஆளு இல்லட்டி. ஒவ்வொண்ணும் ஒரு நாளு."

"அப்ப எந்த நாளு?"

கிருபாபாய் கணினியில் தேடிப் பார்த்தாள். பதிலிகளின் எண்ணிக்கை ஒரு வரிசை, அறுந்த நூல் ஒரு வரிசை என்று இரண்டைத்தான் கணினிக்குக் கொடுத்திருந்தாள். தேதியைச் சேர்க்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. நான் ஆலைப் பதிவேட்டிலிருந்து தேதிகளை வாசிக்க, அவள் ஒவ்வொரு புள்ளியாகக் குறித்துக்கொண்டு போனாள். உயரத்தில் இருந்தவை அத்தனையும் ஆடி மாதத்து நாள்கள்.

"காத்துட்டி!" என்றாள்.

ஆடியில் மேற்கேயிருந்து வறண்ட காற்று வீசும். ஆலைக்குள் ஈரப்பதம் குறையும், நூல் அறும். அதே ஆடியில்தான் ஆண்டாள் கோவில் தேர். பாதிப்பேர் லீவு போட, பதிலிகள் வந்து நிற்பார்கள். ஆடியில் எது கெட்டாலும் தேர் லீவின் மேல் பழியைப் போட்டே பழகிய ஆலை அது. காற்றை யாரும் நினைக்கவில்லை.

ஆடி நாள்களைப் பெருக்கல் குறியாகவும் மற்ற நாள்களைப் புள்ளியாகவும் வைத்து வேறு படம் போட்டாள். பதிலிகள் ஒருவருமே வராத ஆடி நாள்களும் உச்சியில் நின்றன. பொங்கல் வாரத்தில் பதிலிகள் நிறைய வந்திருந்தார்கள். அந்தப் புள்ளிகளோ அடியில் கிடந்தன.

தனுஷ்கோடி சார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காத்தை நான் என்னம்மா செய்ய?"

"காத்தை விடுங்க சார். தண்ணி தெளிக்கிற மிஷினைச் சரி பண்ணலாம்லா?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, பதிலி இருக்கட்டும். பழசைக் கிழிச்சிட்டு இதை ஒட்டச் சொல்லு."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஸ்பின்னிங்கில் முடியவில்லை. வேலுத்தாய் உள்ளே வந்தாலே, "ஏட்டி, நூலைப் பிடிச்சுக்கோ, அறுப்புக்காரி வாரா!" என்று அங்கே வேலை பார்க்கும் மாடத்தி குரல் கொடுப்பாளாம். மற்றவர்கள் சிரிப்பார்களாம். ஆபீஸ்காரர்கள் பாவம் பார்த்துப் படத்தை மாற்றிவிட்டார்கள் என்று பேச்சு. புதிய படமும் வாசலில்தான் இருந்தது. ஆனால் தலைப்பு, குறிப்பு எல்லாம் ஆங்கிலம்.

வேலுத்தாய் மறுபடி எங்கள் அறைக்கு வந்தாள். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை, உள்ளேயும் வரவில்லை.

"நாளையிலேருந்து வரலக்கா. வேலை இருக்குதான். அந்தச் சிரிப்புக்குள்ள போயி நிக்க முடியல."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வா. பொறவு உன் இஷ்டம்" என்றாள் கிருபாபாய். வேலுத்தாய் போய்விட்டாள்.

கிருபாபாய் வாசலில் இருந்த படத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து என் மேசையில் விரித்தாள். அடியில் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. அதைக் கையால் நீவிவிட்டாள்.

"இங்க தமிழ்ல எழுதிக் கொடுட்டி. ஆடிக் காத்துக்குத்தான் நூல் அறுது, பதிலிக்காரவிய அறுக்கலன்னு, மாடத்தி வாசிச்சாலும் விளங்குத மாதிரி எழுது. அதுக்குக் கீழ, மொதப் படத்தைத் தப்பாப் போட்டது யாருன்னும் எழுதணும். ஆபீஸ்னு பொதுவாப் போட்றாத. கிருபாபாய்னு எழுது."