வெள்ளத்தில் போன போட்டோ

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் நாடகக் குழுவுக்கு உடை வடிவமைத்த அக்கா, தான் ஒலிம்பிக்கில் ஓடியவர் என்பார். போட்டோ கேட்டால் வெள்ளத்தில் போச்சு என்பார். இந்தப் பக்கத்தில் எது தொலைந்தாலும் பழி வெள்ளத்துக்குத்தான். எனக்கு நம்பிக்கை வராமல் உடைக்கு வேறு ஆளும் பேசி வைத்தேன்.

அக்காவுக்கு நெட்டை உடம்பு, நரைத்த கிராப்பு. எந்த உடை தைத்தாலும், போட்டவரை அதோடு மாடிப்படி ஏறி ஓடச் சொல்வார்.

ராஜா உடையில் ஓடி இறங்கி, மூச்சு வாங்கக் கேட்டே விட்டேன்.

"ஒலிம்பிக்ல எத்தனாவது வந்தீங்கக்கா?"

வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார்.

"கடைசி தம்பி. முதல் ரவுண்டுலயே வெளிய. கையத் தூக்குங்க, அக்குள்ல புடிக்குது."

அன்றே அந்த வேறு ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்கிறவர் கடைசி இடத்தையா கேட்டு வாங்குவார் என்கிறது ஒரு மனம். கெட்டிக்காரப் பொய் அப்படித்தான் இருக்கும் என்கிறது இன்னொன்று.